தோட்ட ஜீப்புக்கு அடித்தகடு கேட்போம்

நோயாளியை ஏற்றிப்போகும் தோட்ட ஜீப் பாதி வழியில் நின்றால், "ஒயில் போயிருச்சு" என்று கதையை முடித்துவிடுகிறார்கள். ஒயில் தானாகப் போவதில்லை. மழையில் மண் கரைந்து கல் துருத்திய பாதையில் சம்ப் அடிபட்டு உடைகிறது. ஒயில் இல்லாமல் ஓட்டினால் எஞ்சினே இறுகிவிடும். அதற்குக் காவல், வண்டியின் அடியில் பூட்டும் தகடு.

வண்டியோடு வரும் தகடு பெரும்பாலும் மெல்லியது. சில வண்டிகளில் வெறும் பிளாஸ்டிக். சேற்றைத் தடுக்கும், கல்லுக்கு நிற்காது. அலுமினியம் பாரம் குறைவு, ஆனால் கல்லில் உரசும்போது சுரண்டுபட்டு மாட்டிக்கொள்ளும். வெடித்தால் ஒட்ட எல்லாக் கராஜிலும் வசதியில்லை. நம் பாதைக்கு 4 மில்லிமீற்றர் இரும்புத் தகடே சரி என்கிறோம். வளைந்தால் கழற்றி அடித்து நிமிர்த்தலாம். வெடிப்பை டவுனில் வெல்டிங் செய்பவரே ஒட்டிவிடுவார்.

தகட்டைச் சஸியில் பூட்ட வேண்டும், சம்பில் முட்டக்கூடாது. ஒயில் இறக்கத் துளை வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் மாற்றுவது தள்ளித் தள்ளிப் போகும். (யார்தான் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்றுவார்?) நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் தலையைக் கல் சீவிவிடும். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் பிடிக்க விடாதீர்கள். தகட்டின் மேல் தேங்கிய ஒயிலும் காய்ந்த புல்லும் தீப்பிடிக்கும்.

தகடில்லாத வண்டியைக் கொடுத்துவிட்டு, சம்ப் உடைந்தால் சாரதியின் கவனயீனம் என்று எழுதுவதை நாம் ஏற்கமாட்டோம். மே மாத மழைக்கு முன்னர் தோட்டத் தலைவர்மார் இக்கோரிக்கையை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்காகப் பாதை திருத்தக் கோரிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள்.