வாட் கணக்கில் அடங்காத மண்டபம்

சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் 1879-இல் கட்டி முடிக்கப்பட்டது. எடிசன் தம் கார்பன் இழை பல்பை ஊரறிய எரியவிட்டுக் காட்டியது அதே ஆண்டின் கடைசி நாளில்தான். 1874-இல் வேலையைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் மின்பல்பை மனத்தில் வைத்து இதை வரைந்திருக்க வழியே இல்லை. உயர்ந்த சன்னல்கள், வண்ணக் கண்ணாடிகள், வண்ணம் தீட்டிய தூண்கள் எல்லாமே பகல் வெளிச்சத்தை நம்பி அமைந்தவை. மின்விளக்கு பிற்பாடு வந்து ஒண்டிக்கொண்டது.

1937-இல் மாகாணச் சட்டமன்றமே கூடிய இடம் இது. இதைப் போன்ற பழம்பெரும் பல்கலைக்கழக அரங்குகளுக்கு எல்இடி வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வருகிற விதம்தான் சரியில்லை. ‘இத்தனை விளக்கு, இத்தனை வாட்’ என்று டெண்டரில் எழுதி, குறைந்த விலை கேட்டவரிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறோம். தெருவிளக்குக்கு அது பொருந்தும். பாரம்பரிய மண்டபத்துக்குப் பொருந்தாது என்று அழகுணர்ச்சி மட்டும் சொல்லவில்லை, மின்கணக்கே சொல்கிறது.

ஓர் அரங்கில் 100 வாட் குண்டு பல்புகள் 300 எரிவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 கிலோவாட். பட்டமளிப்பு, சொற்பொழிவு, கருத்தரங்கு என்று ஆண்டுக்கு 400 மணி நேரம் எரிந்தால் 12,000 யூனிட். அவற்றுக்குப் பதில் 12 வாட் எல்இடி போட்டால் 1,440 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு மிச்சம் சுமார் 85 ஆயிரம் ரூபாய். ‘88 சதவீதச் சேமிப்பு’ என்று அறிக்கை எழுதலாம், அதில் பொய்யில்லை. ஆனால், இரவெல்லாம் எரியும் தெருவிளக்கு ஆண்டுக்கு 4,000 மணி நேரத்தைத் தாண்டும். மண்டப விளக்கோ பெரும்பாலான நாட்கள் அணைந்தே கிடக்கிறது. இந்த 85 ஆயிரத்துக்காகச் சுண்ணாம்புப் பூச்சில் கண்டபடி துளையிட்டால், அதைச் சீர்செய்யும் செலவு பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும்.

பெரிய லாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. 30 கிலோவாட் விளக்கு அறைக்குள் கொட்டும் வெப்பத்தை வெளியேற்ற மட்டுமே சுமார் எட்டரை டன் ஏசி தேவை. விளக்கின் வாட் குறைந்தால் இந்தச் சுமையும் குறையும். அடுத்தது பராமரிப்பு. குண்டு பல்பின் ஆயுள் ஏறக்குறைய 1,000 மணி நேரம். உயரமான கூரையில் அதை மாற்ற ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டும். சாரக்கட்டை உரசித் தூணின் வண்ணம் போவதும் உண்டு. நல்ல எல்இடி 25,000 மணி நேரத்துக்கு மேல் உழைக்கும்.

இங்கும் ஒரு சிக்கல் உண்டு. எல்இடியில் முதலில் சாவது பெரும்பாலும், மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்ற மின்சுற்றுதான். அதிலுள்ள கெபாசிட்டர் வெப்பத்தில் வறண்டுபோகும். கடற்கரை உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். டிரைவரைக் கூரையின் உச்சியில் ஒளித்துவைத்தால் மறுபடியும் சாரம்தான். கை எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வைக்க வேண்டும்.

அடுத்தது நிறம். வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மலிவான ரகத்தில் சிவப்பு மிகக் குறைவு. செங்கல்லும் பொன்பூச்சும் மட்டுமல்ல, மேடையில் நிற்பவரின் முகமும் அதன் கீழ் சோகை பிடித்துத் தெரியும். வண்ணத்தைச் சரியாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ 80 இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 80-லும் ஆழ்சிவப்பைத் தனியாக அளக்கும் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம். பாரம்பரிய மண்டபத்துக்கு இளமஞ்சள் ஒளியைக் குறிக்கும் 2,700 முதல் 3,000 கெல்வின், சிஆர்ஐ 90, ஆர்9 குறைந்தது 50 என்று கேட்க வேண்டும். இத்தகைய விளக்கு வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகவே வெளிச்சம் தரும். வாட்டை மட்டும் எண்ணும் டெண்டரில் இது தோற்றுப்போவது அதனால்தான்.

வயரிங்கில்தான் உயிராபத்து. ‘கரன்ட் குறைந்துவிட்டதே, பழைய வயரே தாங்கும்’ என்பார்கள். வயரின் காப்புறை விரிசல் விட்டிருந்தால், குறைந்த கரன்ட்டிலும் தீப்பொறி எழும். செனட் ஹவுஸின் அண்டைவீடான சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தபோது, பழைய கட்டடத்தில் தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்று இந்த ஊர் பார்த்தது. 2018-இல் ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகத்தை அழித்த தீ, அதன் அரங்கிலிருந்த ஏசி இயந்திரத்தில் தொடங்கியது என்று அந்நாட்டுக் கூட்டாட்சிக் காவல்துறை கண்டறிந்தது. ஆகவே முதலில் வயரிங், பிறகு விளக்கு.

டெண்டர் விடுவதற்கு முன், இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் இரண்டு மூன்று ரக விளக்குகளைப் பொருத்தி ஒரு மாலை எரியவிட்டுப் பார்க்கலாம். டிம்மரில் குறைக்கும்போது விளக்கு துடிக்கிறதா, செல்போன் வீடியோவில் கோடு ஓடுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மரபுக் கட்டடக் கலைஞரும் மின்பொறியாளரும் மட்டுமல்ல, அன்றாடம் சுவிட்சைப் போடும் அரங்க ஊழியரும் உடனிருக்க வேண்டும். நிறத் தரம், எட்டும் இடத்தில் டிரைவர், புதிய வயரிங் ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாத டெண்டரை, எவ்வளவு மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாகச் சொன்னாலும், பல்கலைக்கழக சிண்டிகேட் திருப்பி அனுப்ப வேண்டும்.

- கட்டுரையாளர், பாரம்பரியக் கட்டடங்களின் ஒளியமைப்பில் பணியாற்றும் மின்பொறியாளர்.