கணக்கு வேறு, கோலம் வேறு

மட்டாஞ்சேரியிலே ஒரு கடை. மிளகும் ஏலமும் முன்வரிசையில். சந்தனச் சோப்பு பின்வரிசையில். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கடைக்கு வலைப்பக்கம் அமைத்துத் தரும் வேலையை ஏற்றேன். மலையாளத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கண்டு மகிழ்ந்த கடைக்காரர், “மோனே, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் நிறையப் பேர். தமிழிலும் ஒன்று வேண்டுமே” என்றார். என் உள்ளம் துள்ளியது. அன்றிரவே முடித்தேன்.

எப்படி முடித்தேன்? அங்கேதான் பிழை. ஆங்கிலப் பக்கத்தை அப்படியே படியெடுத்துச் சொற்களை மாற்றினேன். விலையைக் கூட்டி வரியைச் சேர்க்கும் கணக்கும் அதனுள்ளேயே இருந்தது. ஆக, மூன்று பக்கங்கள், மூன்று கணக்குகள்!

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. குளியல் சோப்புக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. இரண்டு பக்கங்களைத் திருத்தினேன். மூன்றாவதை மறந்தேன். எதை? தமிழை! வரி நீங்கலாக 100 ரூபாய் மதிப்புள்ள சோப்புக்கு மற்றவர் 105 ரூபாய் தந்தனர். தமிழர் 118 தந்தனர். கோவையிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கேட்டார்: “ஏனுங்க தம்பி, தமிழில் வாங்கினால் அபராதமுங்களா?”

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தார். அந்தக் கேள்வியை நான் யாரிடம் திருப்பித் தருவேன்?

கணக்கையும் கோலத்தையும் பிரித்து வையுங்கள் என்பது புதிய அறிவுரையன்று. நார்வே நாட்டு ட்ரிக்வே ரீன்ஸ்காக், அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1979லேயே அதற்கு வடிவம் தந்தார். தரவும் விதியும் ஓரிடம்; காட்சி வேறிடம்; பயனர் இடும் கட்டளையை ஏற்பது மற்றோரிடம். 1996 டிசம்பரில் வந்த சி.எஸ்.எஸ். முதல் வரையறை, வலைப்பக்கத்தின் உள்ளடக்கத்தையும் ஒப்பனையையும் பிரிக்க வழி செய்தது. தெரிந்தும் நாம் கலக்கிறோம். ஏன்? இன்றைக்கு எளிது, அதனால்தான்.

“சிறிய கடைக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?” என்பார் சிலர். ஒரே பக்கம், ஒரே மொழி, என்றும் மாறாத விலை என்றால் அவர்கள் கூற்றை மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டாம் மொழி வாயிலில் வந்து நின்ற அன்றே அந்த வாதம் வீழ்ந்துவிடுகிறது.

தமிழுக்கு இதில் தனி அக்கறை உண்டு. பொருளை அனுப்பும் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னே ஒரு சொல்லை வைத்தால் போதும். தமிழிலோ மதுரை ‘மதுரைக்கு’ ஆகிறது. எர்ணாகுளம் ‘எர்ணாகுளத்துக்கு’ ஆகிறது. கணக்குப் பகுதி ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாய்ச் செய்து அனுப்பினால், தமிழ்ப் பக்கத்தில் ‘மதுரை க்கு’ என்று உடைந்த தமிழே வந்து விழும். ஊர் எது, தொகை எவ்வளவு என்று மட்டும் கணக்கு சொல்லட்டும். வாக்கியத்தை அமைக்கும் உரிமை அந்தந்த மொழியின் வார்ப்புருவுக்கே இருக்கட்டும். கணக்கு எந்த மொழியும் பேசலாகாது. அப்போதுதான் எல்லா மொழியும் சமமாகப் பேச முடியும்.

அந்தக் கடையின் பக்கத்தை மீண்டும் எழுதினேன். இன்று வரிக்கணக்கு இருப்பது ஓரிடத்தில் மட்டுமே. மூன்று மொழிகளும் அந்த ஒன்றைக் கேட்டுத்தான் விலை சொல்கின்றன. இனி வரி மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும், தமிழ் பின்தங்காது.

கணினியில் தமிழ் இல்லையே என்று மேடையில் முழங்குகிறோம். முழங்குவோம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நாம் எழுதும் நிரலில் தமிழுக்கு என்ன இடம் தந்தோம்? பழைய படியின் இடமா, சம இருக்கையா? அடுத்த முறை நிரல் எழுத அமரும்போது, நண்பர்களே, கோவைப் பெரியவரின் கேள்வியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.