முதலில் தலைப்பைச் சொல்லுங்கள்

எம்.ஏ. வரலாறு முடித்து முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவரிடம் துறை வராந்தாவில் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்தான். கைடு கிடைத்துவிட்டாரா? டாபிக் என்ன? இரண்டுக்கும் பதில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று முதுகில் தட்டுவார்கள். பாதிக் கிணறு தாண்டியவர் எங்கே இருப்பார் என்று யாரும் யோசிப்பதில்லை. எதைத் தெரிந்துகொள்வதற்காக இந்த ஐந்தாறு வருடத்தைக் கொடுக்கப்போகிறாய் என்ற கேள்வி நேர்காணல் அறையில்கூட அரிதாகவே எழுகிறது. அதனால் மாணவரும் அதற்குத் தயாராகப் போவதில்லை.

இந்த அவசரத்தில் பிறப்பவைதான் நம் ஆய்வுத் தலைப்புகள். ஒரு மாவட்டத்தின் பெயர், விடுதலைப் போராட்டத்தில் அதன் பங்கு, ஏதோ ஒரு தொடக்க ஆண்டு, பிறகு 1947, கடைசியில் ‘ஓர் ஆய்வு’. மாவட்டத்தை மாற்றினால் அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்பு தயார். மிகைப்படுத்துகிறோம் என்று நினைப்பவர்கள், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஏற்றப்பட்டிருக்கும் ஷோத்கங்கா தளத்தில் வரலாற்றுத் துறைப் பட்டியலை அரை மணி நேரம் உருட்டிப் பார்க்கலாம்.

மாவட்டத்தை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை. அதைவிடச் சின்ன இடத்தை எடுத்துக்கொண்டு சோழர் வரலாற்றை வேறு பக்கம் திருப்பியவர் ஜப்பானிய ஆய்வாளர் நொபுரு கராஷிமா. 1966இல் அவர் எழுதிய கட்டுரையின் களம் இரண்டே ஊர்கள்: திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையில் இருக்கும் அல்லூர், ஈசானமங்கலம். முன்னது வெள்ளான்வகை ஊர், அதாவது வேளாளர் ஊர்; பின்னது பிரமதேயம், பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். நிலத்தை விற்றது யார், தனி ஆளா, ஊராரா என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்வெட்டுகளைப் படித்தார். பிரமதேயத்தில் நிலம் தனியார் கையில் இருந்ததும், வெள்ளான்வகை ஊரில் அது ஊராரின் பொதுவாக இருந்ததும் தெரியவந்தது. சோழர் கால நிலவுடைமை பற்றிப் பின்னால் நடந்த விவாதங்கள் எதுவும் இந்தச் சிறிய கட்டுரையைத் தாண்டிப் போக முடியவில்லை. பிறகு அவரும் கல்வெட்டறிஞர் சுப்பராயலு உள்ளிட்டோரும் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை ஒவ்வொன்றாகத் தொகுத்து வெளியிட்டதும் (1978) இதே குணத்தின் நீட்சிதான். ‘இரண்டு ஊர்கள்’ என்று இன்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு போனால், ஸ்கோப் போதாது, மண்டலமாக்கிக்கொண்டு வா என்று சொல்லக்கூடிய குழுக்கள் நம்மிடம் உண்டு.

தலைப்பு மட்டும் போதாது, சினாப்சிஸ் வேண்டும். அதில் முதன்மைச் சான்றுகளின் பட்டியல் வேண்டும். அந்தச் சான்றுகள் சென்னை எழும்பூரில் இருக்கின்றன. 1909 முதல் அங்கே இயங்கிவரும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கோப்பு கேட்க வேண்டுமென்றால், இவர் ஆய்வாளர்தான் என்று கைடோ துறையோ கொடுக்கும் கடிதம் வேண்டும். பதிவு ஆனால்தான் கடிதம். சினாப்சிஸ் இருந்தால்தான் பதிவு. கோப்பைப் பார்த்தால்தான் சினாப்சிஸ். இந்தச் சக்கரத்தை மாணவர்கள் எப்படி உடைக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். முந்தைய ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் திறந்து, வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசாணைகள், மாவட்டக் கையேடுகள் என்று வரிசையாகப் பெயர்த்து எழுதுகிறார்கள். பார்க்காத கோப்பைப் பார்த்ததுபோல் எழுதும் பழக்கம் அங்கே, விண்ணப்பத்தின் முதல் படியிலேயே தொடங்குகிறது. வரலாறு படிக்க வருகிறவருக்கு நாம் கொடுக்கும் முதல் பயிற்சி இது.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்குப் பத்திரிகைச் சான்றுகளே சாட்சி. காலனிய அரசு தன் அதிகாரிகளுக்காகத் தமிழ்ப் பத்திரிகைகளின் சாரத்தை ஆங்கிலத்தில் சுருக்கி அச்சடித்து வைத்தது. ஆய்வாளர்கள் அவற்றை நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ் என்பார்கள். அரசு எதைக் கண்டு கவலைப்பட்டது என்று அறிய அது அருமையான சான்று. சுதேசமித்திரன் என்ன எழுதியது என்று அறிய அது போதாது. ஆனால் மித்திரனின் பக்கங்களைத் தேடிப் போகாமல் அரசாங்கச் சுருக்கத்தையே எடுத்து, அதைத் திரும்பத் தமிழாக்கி, மித்திரன் இப்படி எழுதியது என்று அடிக்குறிப்புப் போடும் ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. தமிழ் அறிந்த மாணவருக்கு இருக்கும் ஒரே பெரிய சலுகையை அவர் கையாலேயே தூக்கி எறிய வைக்கிறோம். மூலப் பத்திரிகையைத் தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் 1907 முதல் 1914 வரை வெளிவந்தது. அந்த எழுத்துகள் ஞான. அலாய்சியஸின் தொகுப்பில் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வந்த பிறகுதான் தமிழ்நாட்டின் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தை நாம் வேறு விதமாகப் பேச ஆரம்பித்தோம்.

இனி நுழைவாயிலுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் புதிய முனைவர் பட்ட விதிகளை வெளியிட்டது. எம்.ஃபில். போயிற்று. எம்.ஃபில்.லைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் கோப்பு எப்படிக் கேட்பது, அடிக்குறிப்பு எப்படி எழுதுவது என்று ஒரு மாணவர் தட்டுத் தடுமாறிப் பழக அதில் ஓர் ஆண்டு இருந்தது. அதற்கு ஈடாக இன்று இருப்பது பதிவுக்குப் பிந்தைய பாட வகுப்புகள். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு எடுத்தவர் முதுகலை படிக்காமலே நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்றும் ஆகியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் தலைப்பு கேட்கப்படும்.

அடுத்து 2024 மார்ச்சில், தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் மதிப்பெண்ணைக் கொண்டே முனைவர் பட்டச் சேர்க்கையை நடத்தலாம் என்று மானியக் குழு அறிவித்தது. அதில் தேறியும் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறாத இரு பிரிவினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30. அந்த ஆண்டு ஜூன் 18 அன்று நடந்த தேர்வு மறுநாளே ரத்தானது பலருக்கும் நினைவிருக்கும். எங்களை உறுத்துவது அது அல்ல. நெட் தேர்வில் தமிழ்ப் பாடத்துக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு; வரலாற்றுக்கு ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் இளநிலையும் முதுநிலையும் படித்து, வருவாய்க் கணக்கின் பழந்தமிழை வாய்விட்டுப் படிக்கத் தெரிந்த மாணவி, ஆங்கிலத்தில் கூற்று-காரணம் பொருத்தத் தெரியாததால் வெளியே நிற்கிறார். இந்தி மாநிலத்து மாணவருக்குத் தாய்மொழியில் கிடைப்பது இவருக்கு ஏன் இல்லை என்று கேட்டு ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவாவது தீர்மானம் போட்டிருக்கலாம்.

மொழியை ஒதுக்கிவைத்துவிட்டே பார்த்தாலும், நூற்றைம்பது கேள்விக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் தேர்வு எதை அளக்கிறது? காலவரிசைப்படுத்து, பொருத்து, சரியானதைத் தேர்ந்தெடு. ஒரு பக்க ஆவணத்தைக் கொடுத்து, இதை எழுதியவர் யாருக்கு எழுதுகிறார், எதை மறைக்கிறார் என்று கேட்கும் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, இந்தப் பாதையில் எங்கும் கிடையாது.

பணத்தைப் பேசாமல் விண்ணப்பத்தைப் பேசுவது பாசாங்கு. இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதன் வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 30. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் தளர்வு உண்டு. கிடைக்காதவர் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, தடையில்லாச் சான்று வாங்கி, பகுதிநேரமாகச் சேர்கிறார். விடுப்பு எடுத்த நாளில் எழும்பூர், ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள். சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிப்பதற்கான மத்திய அரசின் உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு இடமில்லை என்று அதே ஆண்டில் விதி எழுதினார்கள். தரங்கம்பாடி மிஷன் ஆவணங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கின்றன. டச்சுக் கம்பெனியின் கோப்புகள் ஹேக்கில். இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் லண்டனில். நம் வரலாற்றை ஆராய வெளிநாடு எதற்கு என்று விதி எழுதியவருக்கு இவற்றின் முகவரியை யாராவது அனுப்பிவைக்கலாம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை இந்த விதியைப் படிக்கவே வேண்டியதில்லை என்பதுதான் இதன் அரசியல்.

கைடு விஷயம் தனி. பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர்கள் என்பது வரம்பு. நிரப்பப்படாத பணியிடங்களுடன் இதைச் சேர்த்துப் பார்த்தால், யாரிடம் வேகன்சி இருக்கிறதோ அவருடைய துறையே நம் ஆர்வம் என்றாகிவிடுகிறது. பாண்டியர் கால ஏரிப் பாசனத்தைப் படிக்க வந்தவர் நீதிக்கட்சியின் கல்விக் கொள்கையில் கரை ஒதுங்குகிறார். ஒதுங்கியவர்களில் சிலர் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றபடி கைடின் வீட்டு வேலைகளைப் பற்றிய கதைகளை வாசகர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு, பட்டம் எதற்கு, மயிலை சீனி. வேங்கடசாமி எந்தக் கைடிடம் பதிவு செய்தார் என்று கேட்பது சிற்றிதழ்க்காரர்களுக்குச் சுலபம். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ‘பௌத்தமும் தமிழும்’ (1940), ‘சமணமும் தமிழும்’ (1954) எழுதியவர் அவர். அந்தப் பேச்சில் எங்களுக்கு ஒப்புதல் இல்லை. வேங்கடசாமி ஒருவர் இருந்தார் என்பதைக் காட்டி, அவரைப்போல் இருந்திருக்கக்கூடிய நூறு பேருக்கு நேரமும் நூலகமும் கிடைக்காமல் போனதை மறைக்கக் கூடாது. பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டியவை நேரம், சம்பளம், கோப்பறைக்கான அனுமதி, சொன்னதை மறுக்கத் தெரிந்த ஒரு மூத்தவர். அவை மக்கள் வரிப்பணத்தில் வருபவை, மாணவருக்கு உரியவை. விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

ஆனால் பதிவுக்கு முன்னாலேயே ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்துவிடுங்கள். கடிதம் கேட்காத இடங்கள் முன்பைவிட இன்று அதிகம். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. ஈழத்து இதழ்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அடமானப் பத்திரமோ, சங்கத்தின் வரவு செலவு நோட்டோ, கோயில் வரிக் கணக்கோ இருக்கலாம். அதில் புரியாத ஒன்று கண்ணில் படும். இந்த வரி ஏன் இந்தத் தெருவுக்கு மட்டும்? இந்தப் பெயர் ஏன் 1931க்குப் பிறகு காணவில்லை? சினாப்சிஸின் முதல் பத்தியில் அதை எழுதுங்கள். கட்டாயத் தலைப்பைக் கைடு கொடுத்தாலும், அதற்குள் இந்தக் கேள்வியை நுழைத்துவிட முடியும்.

கேள்வி பின்னால் மாறலாம். ஈழத்து வரலாற்றாய்வாளர் கா. இந்திரபாலா 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு, இலங்கையில் தமிழர் குடியேற்றங்களையும் யாழ்ப்பாண அரசின் தோற்றத்தையும் பற்றியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து 2005இல் அவர் வெளியிட்ட நூல், குடியேற்றம் என்ற அந்தச் சட்டகத்தையே விட்டுவிட்டு, ஓர் இனக்குழு அந்த மண்ணிலேயே எப்படி உருவாகிறது என்று கேட்டது. ஒரு தரப்புக்கு ஆயுதமாகப் பயன்பட்ட தன் ஆய்வேட்டைத் தானே கடந்துபோனார். ஆய்வேட்டில் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி இருந்ததால்தான் பின்னால் அதைத் திருத்த முடிந்தது. ‘பங்கு, ஓர் ஆய்வு’ என்று எழுதியவருக்கு நாற்பது ஆண்டு கழித்துத் திருத்த என்ன இருக்கும்?

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது மிகச் சிறியது. தலைப்பைப் பதிவு செய்யுமுன் ஆறு மாதம் கொடுக்கட்டும். விண்ணப்பித்த எல்லோருக்கும் காப்பகத்துக்கான தற்காலிகக் கடிதம் கொடுக்கட்டும். நேர்காணலில் ஓர் ஆவணத்தை நீட்டி வாசிக்கச் சொல்லட்டும். இவற்றுக்குச் செலவும் இல்லை, தில்லியின் அனுமதியும் வேண்டியதில்லை.

எங்களால் செய்ய முடிந்தது இதைவிடச் சிறியது. அடுத்த இதழிலிருந்து எட்டுப் பக்கங்களை, இன்னும் பதிவு செய்யாத, செய்ய முயன்று வெளியே நிற்கும் வரலாற்று மாணவர்களுக்கு ஒதுக்குகிறோம். ஓர் ஆவணம், அது எங்கே கிடைத்தது என்ற விவரம், அதில் உங்களுக்குப் புரியாதது என்ன என்று ஆயிரம் சொற்கள். முடிவுரை வேண்டாம். ஆவணத்தின் தெளிவான ஒளிப்படம் கட்டாயம். கைபேசியில் எடுத்தது போதும், விரல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோடி, கிரந்தம், வட்டெழுத்து என்றால் படித்துத் தர நண்பர்கள் இருக்கிறார்கள். சன்மானம் தர வழியில்லை. இதழின் இரண்டு பிரதிகள் அஞ்சலில் வரும்.