வாசலில் முதற் பந்தி யாருக்கு?

ஐக்கிய அமெரிக்க நாட்டின் பேரங்காடிகள் பலவற்றின் வாகனத் தரிப்பிடங்களிலே ஒரு பலகை நிற்கின்றது. வலுவிழந்தோருக்கென நீலக் குறியிட்டு ஒதுக்கிய இடங்களை அடுத்து, அங்காடி வாசலுக்கு மிக அண்மையிலே, பிறர் நிறுத்தலாகாத சில இடங்களை அது காவல் செய்கின்றது. குறைந்த புகையும் எரிபொருட் சிக்கனமும் உள்ள வாகனங்களுக்கு மட்டுமே அவ்விடம் உரியது என்பது பலகையின் அறிவிப்பு. பழைய கார் வைத்திருப்பவன் தரிப்பிடத்தின் கோடியிலே நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வரவேண்டும். புதிய கார் வாங்க வல்லவனோ வாசற்படியின் அருகிலேயே வந்து இறங்குவான். உலகைக் காக்கும் திருப்பணியிலே தாமும் ஒரு கல் எடுத்து வைத்துவிட்டதாக அங்காடிக்காரர் மார்தட்டிக் கொள்கின்றனர்.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இதிலே குற்றம் யாது என்றே தோன்றும். நாமும் மின்சாரக் காருக்குப் பகைவரல்லர். பெற்றோலை எரித்தோடும் காரிலும் அது நன்று என்பதை நேர்மையுள்ள எவரும் மறுக்கார். ஆயின், எந்தக் கார் நல்ல கார் என்பது இங்கு வழக்கன்று. அங்காடி வாசலில் முதலிடம் எவருக்கு உரியது, அதை எவர் எவருக்கு எடுத்துக் கொடுத்தனர், அதனால் நிகழ்ந்த நன்மை யாது என்பதே வழக்கு. அந்த வழக்கிலே பச்சைப் பலகை குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றது என்பதை எடுத்துக் காட்டுவோம்.

முதலில் இப்பலகையின் பிறப்பை ஆராய்வோம். 1993ஆம் ஆண்டில் தோன்றிய ஐக்கிய அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகம் என்னும் அமைப்பு, சுற்றாடலுக்குத் தீங்கு குறைந்த கட்டடங்களுக்குச் சான்றிதழ் வழங்கி வருகின்றது. லீட் என்பது அச்சான்றிதழின் பெயர். கட்டட உரிமையாளர் செய்யும் ஒவ்வொரு நற்செயலுக்கும் புள்ளி உண்டு. 40 புள்ளி பெற்றால் சான்றிதழ். 80 பெற்றால் உச்ச விருது. 2009ஆம் ஆண்டின் புதுக் கட்டட விதிகளிலே, மொத்தத் தரிப்பிடத்தில் 5 வீதத்தை வாசலுக்கு அண்மையில் குறைபுகை வாகனங்களுக்கென ஒதுக்கினால் 3 புள்ளி கிடைக்கும் என்று எழுதப்பட்டது. மழைநீரைச் சேமிக்கவோ வெயிலைத் தடுக்கவோ பொருட்செலவு வேண்டும். இதற்கு வேண்டுவதோ ஒரு கம்பம், ஒரு தகடு, சிறிது வர்ணம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதையாக, அங்காடிக்காரர் கைமுதல் இன்றியே புண்ணியவானாகிவிட்டார்.

அதே ஏட்டிலே அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும். துவிச்சக்கர வண்டியில் வருவோருக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடமும், ஊழியருக்குக் குளித்து உடைமாற்றும் அறையும் அமைத்துக் கொடுத்தால் கிடைப்பது எவ்வளவு? 1 புள்ளி. புகையே கக்காத வண்டியை மிதித்து வருபவனுக்குக் கூரையும் குளியலறையும் கட்டினால் ஒன்று. புகையைக் குறைத்துக் கக்கும் காருக்குப் பலகை நட்டால் மூன்று! பஸ், ரயில் நிலையங்களுக்கு அருகே கட்டடம் எழுப்பினால் 6 புள்ளி உண்டு என்பதையும் நியாயம் கருதிச் சொல்லிவிடுகின்றோம். ஆனால் அப்புள்ளி கட்டடம் நிற்கும் இடத்துக்குரியது. பஸ்ஸில் இறங்கி வரும் மனிதனுக்கு வாசலில் வரவேற்பு எதையும் அது கேட்பதில்லை. 2013இல் வெளிவந்த அடுத்த பதிப்பு, ஒதுக்கிய இடத்தோடு மின்னேற்றும் வசதியும் வேண்டும் என்று கேட்டது. அதுவும் காருக்குச் செய்த மரியாதையே அன்றிக் காலுக்குச் செய்த மரியாதை அன்று.

இனி, இவ்வொதுக்கீட்டினாற் புகை எவ்வளவு குறைகின்றது? அமெரிக்க அரசின் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்குப்படி, அந்நாட்டிலே ஒரு சராசரிக் கார் ஒரு மைல் ஓடினால் ஏறக்குறைய 400 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகின்றது. தரிப்பிடத்தின் கோடிக்கும் வாசலுக்கும் இடையே 50 மீற்றர் தூரம் என்று கொள்வோம். அத்தூரம் ஓடும் சராசரிக் கார் கக்குவது 12 கிராம் அளவே. அதே கார் ஆண்டொன்றுக்கு வெளியிடுவதோ ஏறக்குறைய 4.6 தொன்! யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இது பொரி கூட அன்று, பொரியின் உமி.

“ஐயா, அந்த 50 மீற்றரில் மிச்சமாகும் புகை எமது நோக்கமன்று, நல்ல கார் வாங்குமாறு மக்களை ஊக்குவிப்பதே எமது நோக்கம்” என்று பலகைக்காரர் வாதிடலாம். இவ்வாதத்தையும் உரைத்துப் பார்ப்போம். பல பத்தாயிரம் டொலர் கொடுத்துக் கார் வாங்கும் ஒருவன், அங்காடி வாசலிலே எழுபது எட்டு நடை மிச்சமாகும் என்பதற்காகவா அதை வாங்குவான்? வாங்க வசதி உள்ளவன் எப்படியும் வாங்குவான். வசதியற்றவனுக்குப் பலகை ஓராயிரம் நட்டாலும் வாங்க இயலாது. ஆகவே இது ஊக்கமன்று, உபசாரம். ஏற்கெனவே வயிறு நிறைந்தவனுக்கு முதற் பந்தியிலே இலை போடும் உபசாரம்.

இது வெறும் ஊகமன்று. மின்சாரக் கார் வாங்குவோருக்கு அமெரிக்க அரசு 7500 டொலர் வரை வரிச்சலுகை வழங்கி வந்தது; 2025 செப்டெம்பர் 30ஆந் திகதியோடு அச்சலுகை முடிவுற்றது. அச்சலுகையின் முற்காலப் பயன் எவரைச் சென்றடைந்தது என்பதைக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பொருளியலாளராகிய செவரின் போரென்ஸ்ரைன், லூக்காஸ் டேவிஸ் இருவரும் ஆராய்ந்தனர். வருமான வரிசையிலே மேலிருக்கும் ஐந்திலொரு பங்கினரே அச்சலுகையில் ஏறக்குறைய 90 வீதத்தைப் பெற்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. கருவூலத்திலே முதற் பந்தி எவருக்குக் கிடைத்ததோ, அவருக்கே அங்காடி வாசலிலும் முதற் பந்தி!

இப்பொழுது அங்காடிக்கு வரும் மற்றொரு மனிதரைப் பாருங்கள். அவரிடம் காரே இல்லை. பெருவீதியிலே பஸ்ஸை விட்டு இறங்குகின்றார். அங்காடியோ தூரத்திலே தெரிகின்றது. இடையிலே தார் பூசிய பெருவெளி. அமெரிக்க நகர விதிகள் பலவற்றிலே 1000 சதுர அடிக் கடைக்கு 4 கார் நிறுத்துமிடம் கட்டாயமாக விதிக்கப்பட்டது. ஒரு காருக்கு, அது வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, 300 சதுர அடியேனும் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: கடைக்கு 1000 சதுர அடி, காருக்கு 1200 சதுர அடி! மனிதருக்குப் பொருள் விற்கும் இடத்திலும் பெரிது காரை உறங்க வைக்கும் இடம். நிழல் இல்லாத அந்தப் பாலையைக் கடந்து, கார்களின் இடையே புகுந்து, கையிலே பையுடனும் இடுப்பிலே பிள்ளையுடனும் அத்தாய் வாசலை அடைகின்றார். அங்கு வருவோருள் மிகக் குறைந்த புகைக்குக் காரணமானவர்களிலே அவரும் ஒருவர். அவருக்குப் பலகை எங்கே? அவருக்கு நடைபாதை எங்கே? ஒரு மர நிழல் தானும் எங்கே?

இன்னும் ஒரு கணக்கு உண்டு. இதைக் கேட்டபின் பலகைக்காரர் வெட்கித் தலைகுனிய வேண்டும். 1990ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, வலுவிழந்தோர் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றக் கோரி வோஷிங்ரன் நகரிலே ஒரு போராட்டம் நிகழ்ந்தது. போராளிகள் தம் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, பாராளுமன்றக் கட்டடத்தின் படிகளிலே கைகளாலும் முழங்கால்களாலும் தவழ்ந்து ஏறினர். அவ்வாண்டிலேயே சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிப்படி, 400 கார் நிற்கும் தரிப்பிடத்திலே வலுவிழந்தோருக்குக் கட்டாயமாக ஒதுக்க வேண்டியவை 8 இடங்கள். அதே தரிப்பிடத்திலே பச்சைப் பலகையின் 5 வீதம் எத்தனை? 20 இடங்கள்! கல்லுப் படியிலே தவழ்ந்தவருக்கு எட்டு. காரிலே சவாரி வந்தவருக்கு இருபது. வலுவிழந்தோரின் இடத்தைப் பலகை பறிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அடுத்து வரும் இடங்களையேனும், தடியூன்றி வரும் முதியவருக்கும், சூல்கொண்ட பெண்ணுக்கும், கைக்குழந்தையோடு வருவோருக்கும் கொடுத்தாலென்ன? அவர்களை விலக்கி ஓர் இயந்திரத்துக்கு இடம் கொடுப்பது எந்த அறம்?

உண்மையாகவே புகையைக் குறைக்க விரும்புவோருக்கு வழி இல்லாமற் போகவில்லை. பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலிலே, இலவசத் தரிப்பிடம் என்பது எவரோ செலுத்தும் கடன் என்பதை விரிவாக எடுத்துக் காட்டினார். காரில் வாராதவரும் தாம் வாங்கும் அரிசியின் விலையிலே, பாணின் விலையிலே, காரின் உறக்கத்துக்கு வாடகை செலுத்துகின்றார். அவரது போதனை வீண்போகவில்லை. 2017இல் பவலோ நகரம் கட்டாயத் தரிப்பிட விதியையே நீக்கியது. 2022இல் கலிபோர்ணியா மாநிலம், பெரும் போக்குவரத்து நிலையங்களுக்கு அரை மைல் சுற்றளவிலே அவ்விதியை விதிக்கலாகாது என்று சட்டம் செய்தது. தார்வெளியைச் சுருக்கினால் கடைகள் நெருங்கும். கடைகள் நெருங்கினால் நடை பெருகும். நடை பெருகினால் புகை குறையும். இது மருந்து. பலகை வெறும் விபூதிப் பூச்சு.

“அமெரிக்க அங்காடி வாசலில் எவர் நின்றால் நமக்கென்ன?” என்று வாசகர் கேட்கலாம். நமக்குத்தான் மிக வேண்டிய கேள்வி இது. அந்நாட்டுச் சான்றிதழ்களும் பழக்கங்களும் கடல் கடந்து இங்கு வர நெடுங்காலம் எடுப்பதில்லை. லீட் சான்றிதழ் பெற்ற கட்டடங்கள் இந்நாட்டிலும் உள. 2020 மார்ச்சில் தடைப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலே மீளத் திறந்தது. மின்சாரக் கார்களும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. நாளை நம் நகரத்து அங்காடி வாசலிலும் இப்பச்சைப் பலகை எழுமாயின், அதை வரவேற்று மாலை சூட நம்மவருள்ளும் ஆள் இருக்கும். ஆகவேதான் முற்கூட்டியே பேசுகின்றோம்.

2022ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? பெற்றோலுக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் நாட்கணக்கில் வரிசையிலே நின்றோம்; நின்ற இடத்திலேயே உயிர் நீத்தோரும் உண்டு. அந்நாளிலே இந்நாட்டை ஓடவைத்தவை எவை? பரணிலே தூசு படிந்து கிடந்த துவிச்சக்கர வண்டிகளும், பிதுங்கி வழிந்த பஸ்களும், மனிதரின் கால்களும் அல்லவா? நெருக்கடியிலே தோள் கொடுத்தவற்றைக் கடைக்கோடிக்குத் துரத்திவிட்டு, அண்மையில் இறங்கிய காருக்கு வாசலைத் திறப்பது நன்றி கொன்ற செயல். மின்சாரக் கார் புகையற்றது என்போர் நுரைச்சோலையையும் ஒருகணம் நினைக்கட்டும். 900 மெகாவாற்று வலுவுள்ள அந்நிலையத்திலே நிலக்கரி எரிகின்றது. கொழும்பிலே காணாத புகையிற் சிறிது கற்பிட்டிக் கரையிலே காணப்படும்.

மேலும், நமது வாசல்களுக்கு நம் வரலாறு சேர்த்துவிட்ட கடன் ஒன்று உண்டு. 2009இல் முடிவுற்ற போர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பேரின் கால்களைக் கொண்டு போயிற்று. பொதுக் கட்டடங்களில் வலுவிழந்தோர் தடையின்றி நுழைய வழி செய்ய வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006ஆம் ஆண்டிலேயே வெளியாயின. இன்றும் எத்தனை கடை வாசல்களிலே படி இருக்கின்றது, சாய்தளம் இல்லை! செயற்கைக் காலோடு வரும் இளைஞன் அப்படியேற முடியாமல் வாசலில் நிற்க, அவன் கண்முன்னே காருக்குச் சிறப்பிடம் ஒதுக்குவதாயின், அப்பலகையை நடுபவரின் நெஞ்சு கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

ஆதலின் நமது கோரிக்கை நேரானது. எந்த அங்காடியாயினும் தன்னைப் பசுமை அங்காடி என்று அழைத்துக் கொள்ளுமுன், முதலில் வலுவிழந்தோருக்குச் சாய்தளமும் வாசலருகே இடமும் அமைக்கட்டும். இரண்டாவதாக, வீதியிலிருந்து வாசல் வரை நிழலுள்ள நடைபாதை இடட்டும். மூன்றாவதாக, துவிச்சக்கர வண்டிக்குக் கூரையுள்ள நிறுத்துமிடமும், பஸ்ஸுக்குக் காத்திருப்போருக்கு ஓர் இருக்கையும் கொடுக்கட்டும். இவை மூன்றும் நிறைவேறிய பின்னர் மின்சாரக் காருக்கு மின்னேற்ற வேண்டுமாயின், தரிப்பிடத்தின் கோடியிலே தாராளமாக ஏற்றட்டும். மின்கம்பி அங்கும் செல்லும். காரில் வந்தவருக்கு நடக்கக் கால் உண்டு.

காற்று எல்லோருக்கும் பொது. அதை மிகக் குறைவாக மாசுபடுத்துபவர் பெரும்பாலும் ஏழையே. உலகைக் காத்த பெருமைக்குப் பரிசளிப்பதாயின், பரிசு அவர் கையைச் சேரட்டும். அவரைப் பின்தள்ளி நடும் பலகை எந்த வர்ணத்தில் இருந்தாலும், அதன் பின்னால் நிற்பது பணமே என்பதை நம் மக்கள் அறிவார்களாக.