கல்லும் குழாயும்

தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அக்காலத்துக் குளிப்போனுடைய கருவிகள் கல்லும் கயிறும் வலைப்பையுமே. கல் அவனை ஆழத்திற் சேர்க்கும். மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான். படகிலுள்ளோர் விரைந்து இழுப்பர். அவனுக்கு விரைவே உயிர்.

இந்நாளில் சங்கு குளிப்போர் பலர், படகிலுள்ள காற்றழுத்தப் பொறியின் குழாய்வழி மூச்சு வாங்கி, நெடும்பொழுது ஆழத்தில் தங்குகின்றனர். அங்ஙனம் தங்கியவர் விரைந்து மேலெழுந்தாலோ, குருதியில் நைட்ரஜன் குமிழிகள் தோன்றும், மூட்டுகள் நோகும், கால்கள் முடங்குதலும் உண்டு. அவர் மெல்லவே எழுதல் வேண்டும்.

‘அறியாது எழுந்தான்’ எனக் குளிப்போனைப் பழிப்பார் உளர். யான் அதற்கு உடன்படேன். விரைந்தெழுதலே தலைமுறை வழக்கமாக உடையவன் கையில், மெல்ல எழவேண்டிய கருவியை வாளா தந்தோர் பிழை அது. காற்றை அனுப்பத் தெரிந்தவர்க்கு, காலம் உணர்த்தும் மணியொன்றைக் குழாயோடு சேர்த்தல் அரிதோ?