போதும் என்னும் சொல்

உண்பதைப் பற்றி எழுதுவது இலக்கியப் பக்கத்துக்கு அடுக்குமா என்று சிலர் வினவக்கூடும். மனித ஆசை தன் உண்மை உருவைக் காட்டும் இடங்களுள் உணவு மேசையும் ஒன்று. ஆதலின் அவ்வினாவை ஒதுக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

ஒரே கட்டணம் செலுத்தி விரும்பிய அளவு உண்ணும் முறையை யப்பானியர் ‘வைக்கிங்’ என்று வழங்குகின்றனர். 1958ஆம் ஆண்டில் ரோக்கியோ இம்பீரியல் ஹோட்டல், ஸ்கந்திநேவிய விருந்து மேசையை முன்மாதிரியாகக் கொண்டு அத்தகைய உணவகம் ஒன்றைத் திறந்தது. வடகடல் வீரர்களான வைக்கிங்குகளைப் பற்றிய திரைப்படமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதன் விருந்துக் காட்சியே உணவகத்துக்குப் பெயரளித்தது என்பர். பெரிய ஹோட்டலில் தோன்றிய அம்முறை, இன்று மாணவர்க்கும் எட்டும் இனிப்புச் சாலைகளாகப் பரவியுள்ளது.

அவற்றுள் ஒன்றை ரோக்கியோவின் ஷிஞ்சுக்குப் பகுதியில் கண்டேன். கட்டடமொன்றின் மேல்மாடியில் சிறியதொரு கூடம். மாடிப்படி நெடுகக் காத்திருப்போர் வரிசை. நுழைவோர் கையில், வெளியேற வேண்டிய நேரம் குறித்த துண்டு ஒன்றைத் தருகின்றனர். எல்லை 70 நிமிடம். தட்டில் மிச்சம் வைத்தால் மேலதிகக் கட்டணம் என்று ஓர் அறிவித்தல். இருவிரல் அகலக் கேக் துண்டுகள், பச்சைத் தேயிலைப் பொடி கலந்த ஐஸ்கிறீம், உருகி வழியும் சொக்லேற் ஊற்று. இவற்றோடு கறியும் பாஸ்தாவும். பிறர் தோளில் இடிபடாமல் தட்டை நகர்த்த இயலாது. சீருடையணிந்த மாணவியரே மிகுதி.

இனிப்புச் சாலையில் கறி எதற்கு? ஒரு சுவையையே தொடர்ந்து உண்டால் அதன்மீது நாட்டம் தணியும். வேறு சுவை வந்ததும் நாட்டம் மீளும். 1981ஆம் ஆண்டில் பார்பரா ரோல்ஸ் முதலிய ஆய்வாளர் இதனைச் சோதனைகளால் விளக்கினர். யப்பானியரிடம் இதற்கு ‘பெட்சுபரா’ என்றொரு சொல் உண்டு. ‘வேறு வயிறு’ என்பது பொருள். நிறைவாக உண்டவர்க்கும் இனிப்புக்கென்று தனி வயிறு இருக்கிறதாம்! அதே மொழியில் ‘ஹரா ஹாச்சி பூ’ என்ற முதுமொழியும் வழங்குகிறது. வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்து என்பது அதன் கருத்து. அச்சிறு கூடத்தில் இவ்விரண்டும் ஒவ்வொரு தட்டின்மீதும் வழக்காடிக்கொண்டிருந்தன.

இத்தகைய இடங்களைப் பெருந்தீனிக் கூடங்கள் என்று இகழ்வோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. காசை எண்ணி வாழும் மாணவி ஒருத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கைப் பார்த்து, உண்ட ஒரு துண்டே போதும் என்று திரும்புகிறாள். அந்தப் ‘போதும்’ அவளுடைய பணப்பை சொன்னது. இல்லாமை விதித்த அடக்கத்தைப் பண்பு என்று போற்றுவது வசதியுடையோர் வழக்கம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் அவள் தானே முள்ளுக்கரண்டியைக் கீழே வைப்பாளாயின், அதுவே அவள் சொல்லும் முதற் ‘போதும்’ ஆகும்.

அதற்குத் தடையாய் நிற்பது நம்முடைய கணக்கே. கொடுத்த காசுக்கு ஈடாக உண்டுவிட வேண்டுமென்ற எண்ணம் புகுந்ததும், சுவைக்க வந்தவர் கூலிக்கு உழைப்பவர்போல் ஆகிவிடுகிறார். கொடுத்த கட்டணமோ, இனி எவ்வளவு உண்டாலும் திரும்பி வரப்போவதில்லை. பொருளியல் மாணவர் இதனை நன்கறிவர். ஆனால், தட்டின் முன் அமர்ந்தால் அவர்களும் மறந்துவிடுகின்றனர்.

நேர எல்லையைக் கடைக்காரரின் கஞ்சத்தனம் என்று சொல்வதற்குமில்லை. இனிப்பு அளவின்றிக் கிடைக்கலாம், இருக்கைகள் அளவுடையவை. வேண்டாத துண்டொன்றை விழுங்குவதற்காக நாம் நீட்டிக்கும் நிமிடம், மாடிப்படியில் நிற்கும் ஒருவருக்கு உரியது. ‘போதும்’ என்பதை உடல்நலத்துக்கான அறிவுரையாகவே நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். பின்னால் நிற்பவர்க்கு இடம்விடும் சொல்லாகவும் அதனைக் கற்பித்தல் வேண்டும்.