முதலில் கை, பிறகு கேள்வி



இந்த வாரத் தியானத்தை ஒரு தவற்றை அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன். தவறு என்னுடையது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பின்னும் ஒரு தாயார் ஆலயத்தின் கடைசி வரிசையில் காத்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தே பிள்ளைகளை வளர்த்தவர். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், தலைப்பிரசவம். மருமகன் கோவையிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். அம்மாவோ அதற்குச் சில நாட்களுக்கு முன், ஜூன் 12 அன்று, அகமதாபாத்தில் விமானம் விழுந்த காட்சியைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார். அதில் பயணம் செய்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

"கண்ணை மூடினா விழற மாதிரியே இருக்குதுங்க ஐயா. போக முடியும்னு தோணலீங்க" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் நான் நின்றபடியே பதில் சொன்னேன். "விசுவாசம் இருக்கிற இடத்தில் பயத்துக்கு இடமில்லை அம்மா. ஜெபித்துவிட்டுத் தைரியமாகப் போங்கள்." அவர் "சரிங்க ஐயா" என்று தலையசைத்துச் சென்றார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. என் மனைவி வீடு தேடிச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. விமானத்தை நினைத்து அழுததைவிட, "எனக்கு விசுவாசமே இல்லை போலிருக்கு" என்று அழுததுதான் அதிகமாம். பயம் என்ற ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு வந்தவரின் தலையில், குற்ற உணர்வு என்ற இன்னொரு பாரத்தையும் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே என் கருத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன். உயரத்தைக் கண்டு தலைசுற்றுகிறவரையும், விமானத்தில் ஏற நடுங்குகிறவரையும் விசுவாசக் குறைவுள்ளவர் என்று சபை எண்ணக் கூடாது. அப்படிச் சொல்லவும் கூடாது.

விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் நம்மைப் படைத்தவரே நமக்குள் வைத்த காவல். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரத்தில் நின்றால் கால் கூசுகிறதே, அந்தக் கூச்சம்தான் பலரை உயிரோடு வைத்திருக்கிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரே ஓர் உயரமான இடத்தில் நிற்கக் காண்கிறோம். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதித்துவிடும் என்று அங்கே சொன்னவன் யார்? சோதனைக்காரன். குதிக்க மறுத்தவர் இயேசு. உயரத்தில் எச்சரிக்கையாயிருப்பது அவிசுவாசமானால் அந்தப் பகுதியையே நாம் தலைகீழாக வாசிக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் கம்பெனிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் சாரம் கட்டி வேலை செய்யும் சகோதரர்களுக்கும் இதைச் சொல்லுகிறேன்: இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஏறுவது விசுவாசம் ஆகாது.

அப்படியானால் விமானத்தில் இந்தக் காவல் ஏன் தேவைக்கு மேல் கூக்குரலிடுகிறது? நம் உள்காதில் உடலின் சமநிலையைக் கண்காணிக்கும் மெல்லிய உறுப்புகள் உள்ளன. அவை தரையில் நடப்பதற்கென்று பழகியவை. விமானம் மேலெழும்பிய சற்று நேரத்தில் விமானி எஞ்சின் விசையைக் குறைப்பார். அது வழக்கமான முறை. இரைச்சல் திடீரென்று தணியும். ஏற்றத்தின் வேகமும் குறையும். விமானம் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது; ஆனாலும் காது "கீழே விழுகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். கண்ணுக்கோ முன்னிருக்கையின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. கண்ணும் காதும் ஒத்துப்போகாதபோது வயிறு கலங்குகிறது. பாவத்தால் வந்த கலக்கம் அன்று. காதில் எழும் கலக்கம்.

காற்றுக் குலுக்கலும் அப்படித்தான். பல நூறு அடி விழுந்ததுபோல் தோன்றும்போதும் பெரும்பாலும் விமானம் சில மீட்டர் அளவே ஏறி இறங்கியிருக்கும். பறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய மிக அதிகமான சுமையைப்போல் ஒன்றரை மடங்கைச் சிறகுகள் தாங்கவேண்டும் என்பது கட்டுமான விதி. எஞ்சின் நின்றால் கல்லைப்போல் விழும் என்ற எண்ணமும் பிழையானது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் பறந்த ஒரு கனடா நாட்டு விமானத்தில் எரிபொருள் கசிந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. அது பருந்தைப்போல் 19 நிமிடங்கள் மிதந்து சென்று அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் உயிரோடிருந்தார்கள்.

சாலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மரித்தோர் 1,68,491 பேர். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டுச் சாலைகளில் மரித்தவர்கள். விமானத்தை எண்ணி நடுங்கும் நாம், அவிநாசி சாலையில் மூன்று பேராக ஒரே மோட்டார் சைக்கிளில், தலைக்கவசமின்றி, பாட்டுப் பாடிக்கொண்டு போகிறோம்.

இவையெல்லாம் உண்மை; அறிந்துகொள்வது நல்லது. ஆனால் கணக்குச் சொல்லி ஒருவருடைய பயத்தைப் போக்கிவிடலாம் என்று எண்ணாதிருங்கள். ஏனெனில் அந்தப் பயம் வெறுங்கற்பனையும் அன்று. நம் கொங்கு மண்ணுக்கே அது தெரியும். 1973ஆம் ஆண்டு மே 31 அன்று சென்னையிலிருந்து டில்லிக்குச் சென்ற விமானம், இறங்குமிடத்துக்கு அருகே விழுந்து நொறுங்கியது. 65 பேரில் 48 பேர் மாண்டார்கள். அப்போது கோவையின் மக்களவை உறுப்பினராயிருந்த கே. பாலதண்டாயுதம் அவர்களில் ஒருவர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் அவர்களில் ஒருவர். மறு ஆண்டு நடந்த கோவை இடைத்தேர்தலில் நின்று வென்றவர் பார்வதி கிருஷ்ணன். அவர் மோகன் குமாரமங்கலத்தின் உடன்பிறந்த தங்கை. அண்ணனைப் பறிகொடுத்த அதே விபத்தில் காலியான இடத்துக்கு அவர் வந்தார். அண்ணன் போய்ச் சேராத அந்த டில்லிக்கே மக்கள் பணிக்காகச் சென்றார். அவர் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்தவர். நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்டவர் அல்லர். ஆயினும், துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டே கடமையை நோக்கி நடக்கலாம் என்பதை அவரிடம் நான் கற்றுக்கொள்ளுகிறேன்.

எனவே "ஒன்றும் ஆகாது" என்று ஒரு போதகனால் வாக்குக் கொடுக்க இயலாது. பின் எதைக் கொடுக்க இயலும்?

1960ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மேசையின் பாதிப் பக்கம் பள்ளம்போலத் தோன்றும். அதன்மேல் உறுதியான கண்ணாடி போடப்பட்டிருக்கும். தவழும் குழந்தைகளில் பெரும்பாலானவை அந்த ஓரம்வரை வந்து நின்றுவிட்டன. 1985ஆம் ஆண்டு ஜேம்ஸ் சார்ஸும் அவருடைய துணை ஆய்வாளர்களும் வேறொன்றைக் கண்டார்கள். பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, இது ஆபத்தா இல்லையா என்று பிள்ளை தயங்கும் அளவில் வைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தை ஓரத்துக்கு வந்து, குனிந்து பார்த்து, பிறகு நிமிர்ந்து எதிரே நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்தது. தாயின் முகத்தில் அச்சம் தெரிந்தபோது 17 குழந்தைகளில் ஒன்றும் கடக்கவில்லை. தாய் மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து கடந்து வந்தன. கண்ணாடி ஒன்றுதான், பள்ளமும் ஒன்றுதான். மாறியது எதிரே இருந்த முகம்.

பேதுரு கடலின்மேல் நடந்ததை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். ஆண்டவரைப் பார்த்து நடந்தவன், காற்றைப் பார்த்தபோது அமிழ்ந்தான். அதன்பின் நடந்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். இயேசு உடனே கையை நீட்டி அவனைப் பிடித்தார். பிடித்த பின்புதான் ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டார். முதலில் கை, பிறகு கேள்வி. நானோ அந்தத் தாயாரிடம் கேள்வியை மட்டும் கொடுத்து, கையை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

புயலில் சீஷர்களை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லையா என்று சிலர் கேட்கலாம். கடிந்துகொண்டார். ஆனால் எங்கிருந்து? கரையில் உலர்ந்த வஸ்திரத்தோடு நின்றுகொண்டு அப்படிச் சொல்லவில்லை. அவர்களோடு அதே படகில், அதே அலையில் நனைந்தபடி சொன்னார். அந்தப் படகில் ஏறாத நமக்கு அந்த வார்த்தையைச் சொல்ல உரிமையில்லை. துரோவா பட்டணத்தில் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஐத்திகு என்னும் வாலிபன் விழுந்தபோது, பவுல் ஏன் தூங்கினாய் என்று விசாரணை வைக்கவில்லை. இறங்கிப் போனார், அவன்மேல் விழுந்தார், அணைத்துக்கொண்டார். ஊழியம் என்பது மாடியிலிருந்து இறங்கிப் போவது.

அதன்பின் நாங்கள் செய்தது மிக எளிது. ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து அடிக்கடி வெளிநாடு போய்வரும் நம் சபைச் சகோதரி ஒருவர், ஒரு மாலை முழுவதும் அந்த அம்மாவோடு உட்கார்ந்தார். எப்போது எந்தச் சத்தம் வரும், சக்கரம் உள்ளே போகும்போது எப்படி இடிக்கும், காது அடைத்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சிறகுக்கு அருகே குலுக்கல் குறைவு என்று அங்கே இருக்கை கேட்டு வாங்கினார். நானும் என் மனைவியும் பீளமேடு விமான நிலையம்வரை உடன் சென்றோம். வாசலில் அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதல் தடவை ஏறினபோது நானும் இருக்கைக் கையை விடவில்லை அம்மா" என்ற உண்மையையும் சொன்னேன். அப்போதுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார், பேரனின் படத்தோடு. பயணம் எப்படி என்று கேட்டேன்.

"ஆடும்போதெல்லாம் அந்த ஏர்ஹோஸ்டஸ் புள்ள மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தேனுங்க ஐயா. அது பாட்டுக்குச் சிரிச்சிட்டு டீ ஊத்திட்டு இருந்துச்சு. சரி, ஒண்ணுமில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "பயம் போகலீங்க. ஆனா போயிட்டு வந்துட்டேனுங்க" என்றார்.

பிரியமானவர்களே, விசுவாசத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் இறையியல் கல்லூரியிலும் கற்கவில்லை. பயம் முற்றிலும் நீங்கின பிறகு புறப்படுவது மட்டும் விசுவாசம் என்றால், நம்மில் அநேகர் வீட்டைவிட்டே புறப்பட மாட்டோம்.

ஆகையால் உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் விமானத்துக்கோ, மின்தூக்கிக்கோ, மேம்பாலத்துக்கோ அஞ்சினால் நகைக்காதிருங்கள். விபத்துக் காட்சிகளை வாட்ஸ்அப் குழுவில் பரப்பாதிருங்கள். பயம் உறக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு மிஞ்சினால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிறவருக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அஞ்சுகிறவர் நிமிர்ந்து பார்க்கும்போது எதிரே உங்கள் முகம் இருக்கட்டும். அந்த முகத்தில் ஆண்டவருடைய முகத்தின் சாயல் சிறிதாவது தெரியட்டும்.

ஜெபிப்போம். பரம தகப்பனே, உயரத்திலும் ஆழத்திலும் எங்களோடிருக்கிறவரே, அஞ்சுகிறவர்களை நோக்கி உம்முடைய கரத்தை நீட்டும். அவசரத்தில் பேசின எங்கள் வார்த்தைகளை மன்னியும். ஒருவருக்கொருவர் கை கொடுக்க எங்களுக்குப் பொறுமை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.